மூதூர் லோஞ்சில் ஒரு நோயாளி

போன மாதம் கண்டி ஸ்டேஷனில், பட்டப்பகலில், என் பெண் என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டாள்.

"அம்மா, நீங்க செத்துப் போகலியா?"

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. வசந்திக்குப் பதினொரு வயது. மாத்தளையில் அத்தையோடு வீட்டில் இருக்க வேண்டியவள், கண்டி பிளாட்பாரத்தில் முகம் வீங்கிப் போய் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் முன்பின் தெரியாத ஒரு நர்ஸ். எதிரே நான் — தலையில் பூ, கையில் கருவாட்டுப் பொட்டலம். என் கணவர் சொன்ன ஏதோ ஒன்றுக்குச் சிரித்தபடி ரெயிலை விட்டு இறங்கி வருகிறேன்.

அவள் என்னிடம் ஓடி வரவில்லை. எழுந்து நின்று, மேலும் கீழும் பார்த்துவிட்டு, அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

இரண்டு வாரமாக இந்தப் பத்தி ஏன் வரவில்லை என்று விசாரித்து எழுதியிருந்தீர்கள். காரணம் இதுதான். இதை எழுதும்போதும் பேனா சொன்னபடி கேட்கவில்லை.

முதலிலிருந்து சொல்கிறேன். கொஞ்சம் வெட்கமான விஷயம்.

எனக்கும் என் கணவருக்கும் ஒரு பழக்கம் உண்டு. சும்மா ஊர் சுற்றுவது. சும்மா என்றால்... சும்மாதான். வருடத்துக்கு ஒரு தடவை, ஓகஸ்ட் விடுமுறையில், இரண்டு பேர் மட்டும். வசந்தியை அழைத்துக்கொண்டு யாழ்ப்பாணம் போயிருக்கிறோம், கதிர்காமம் போயிருக்கிறோம், அதெல்லாம் வேறு கணக்கு. இந்த ஒரு பயணத்துக்கு மட்டும் அவளை விட்டுவிட்டுப் போவோம். என் நாத்தனார் நாவுலையிலிருந்து பஸ்ஸேறி வந்து, மூன்று நாள் வீட்டைப் பார்த்துக்கொள்வார்.

என் கணவர் அரசாங்கக் கந்தோரில் கிளார்க். ரெயிலில் இலவசமாகப் போய்வர வருடந்தோறும் வாரண்ட் கிடைக்கும். அதை வீணாக்க அவருக்கு மனசு வராது. மாத்தளையிலிருந்து திருகோணமலைக்குப் போக என்ன செய்வீர்கள்? நாவுலை, தம்புள்ளை வழியாக பஸ்ஸில் போவீர்கள். அரை நாளில் கடல் வந்துவிடும். நாங்கள் அப்படிப் போவதில்லை. ரெயிலேறி, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கண்டிக்குப் போவோம். அங்கிருந்து பொல்கஹவலை, பிறகு மாகோ... நாட்டில் பாதியை வளைத்துச் சுற்றித் திருகோணமலையில் போய் இறங்குவோம். அங்கே ஜெட்டியிலிருந்து மூதூருக்கு லோஞ்ச் போகும். அதில் ஏறி, விரிகுடாவைக் கடந்து மூதூரில் இறங்கி, ஒரு தேத்தண்ணீர் குடித்துவிட்டு, அடுத்த லோஞ்சில் திரும்பிவிடுவோம்.

அவ்வளவுதான். இதற்குத்தான் வருடம் முழுக்கக் காத்திருப்போம்.

இதை ஊரில் சொல்ல முடியுமா?

எங்கள் வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்குப் போக ஒரே வழி. அந்த வழியின் முனையில் கபூர் நானாவின் பலசரக்குக் கடை. தங்கமான மனிதர். அரிசி கிடைக்காத இந்த நாளிலும் எனக்கென்று இரண்டு கொத்து அளந்து வைப்பவர். ஆனால் கையில் பையோடு அவரைத் தாண்டி யாரும் போய்விட முடியாது.

"எங்க டீச்சர், ரெண்டு பேருமா? என்ன விசேஷம்?"

இந்தக் கேள்விக்கு 'சும்மா' என்று பதில் சொல்லும் தைரியம் உங்களில் யாருக்காவது இருக்கிறதா? கோயிலுக்கு என்றால் சரி. கலியாணம் என்றால் சரி. செத்த வீடு என்றால் மிகவும் சரி. புருஷனும் பெண்சாதியும் சேர்ந்து அழுவதற்கு எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகலாம், யாரும் ஒன்றும் சொல்வதில்லை. சேர்ந்து சிரிப்பதற்கு மட்டும் ஒரு காரணம் காட்ட வேண்டியிருக்கிறது.

நாங்களும் காட்டிக்கொண்டுதான் வந்தோம். கலியாணமான புதிதில் தலைமன்னார் வரை ரெயிலில் போய், கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்கினோம். எதற்கு? ராமேஸ்வரத்தில் பிள்ளை வரம் கேட்க — ஊருக்குச் சொன்ன காரணம் அது. பாதித் தெரு எங்களிடம் கற்பூரம் கொடுத்துவிட்டது. சாமி கும்பிட்டது ஒரு காலைப் பொழுது. மீதி நாளெல்லாம் மதுரையில் தெருத் தெருவாக நடந்தோம், பாம்பன் பாலத்தில் ரெயில் ஊர்ந்தபோது ஒரே ஜன்னலில் இரண்டு தலைகளை வைத்துக்கொண்டு கீழே தண்ணீரைப் பார்த்தோம். அடுத்த வருடம் வசந்தி பிறந்தாள். எங்கள் பொய்யைக் கடவுளே உண்மையாக்கிவிட்டார்.

அந்தத் தைரியத்தில் பொய்கள் வளர்ந்தன. இல்லாத சித்தப்பாவுக்குச் சஷ்டியப்தபூர்த்தி நடத்தினோம். அநுராதபுரத்தில் ஒரு தூரத்துச் சொந்தத்துக்குக் கலியாணம் செய்துவைத்தோம். கலியாணத்தில் ஒரு தொல்லை — திரும்பி வந்தால் பெண் எப்படி, நகை எவ்வளவு என்று கேட்பார்கள். கோயிலிலும் தொல்லை. தீர்த்தம் எங்கே என்பார்கள்.

இந்த வருடம் என் கணவர்தான் புதிதாக ஒன்று கண்டுபிடித்தார்.

"டொக்டர்னு சொல்லிருவோம். டொக்டர்னா யாரும் மேல கேக்க மாட்டாங்க."

"யாருக்கு நோய்?" என்றேன்.

"உனக்குத்தான். எனக்குன்னா கந்தோர்ல மெடிக்கல் கேப்பாங்க."

அப்படித்தான் நான் நோயாளியானேன். கண்டியில் பெரிய ஆஸ்பத்திரி, இரண்டு மூன்று நாள் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள் என்று கபூர் நானாவிடம் சொன்னோம். என் கணவர் சொன்னது சரி. யாரும் மேலே கேட்கவில்லை. கபூர் நானா தராசைக் கீழே வைத்துவிட்டார்.

"அல்லாஹ் காப்பாத்துவான் டீச்சர். நான் துஆ கேக்குறேன்," என்றார். ஒரு பொட்டலம் கொத்தமல்லியைக் கையில் திணித்தார். காசு வாங்கவில்லை. பக்கத்தில் நின்ற வசந்தியின் தலையைத் தடவி, "பாவம் புள்ள," என்றார்.

அந்தப் 'பாவம் புள்ள'யை நாங்கள் கவனிக்கவில்லை. வசந்தி கவனித்தாள்.

அவளிடமும் அதே பொய்தான். "அம்மாவுக்கு லேசா உடம்பு சரியில்ல. காட்டிட்டு வந்துருவோம்." லேசாக என்று சொன்னதை நல்ல காரியம் என்று நினைத்துக்கொண்டேன். பெரியவர்கள் 'லேசா' என்று சொன்னால் பிள்ளைகள் அதை எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று பதினைந்து வருடம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளோடு இருந்த எனக்குத் தெரியவில்லை.

நாங்கள் போன பிறகு நடந்ததை நாத்தனார் அழுதுகொண்டே சொன்னார். என் நோய் பொய் என்று அவருக்கும் தெரியாது. மூன்றாம் நாள் விடிகாலையில் சாமிப் படத்துக்கு முன்னால் விளக்கேற்றி, வாய்விட்டே வேண்டியிருக்கிறார்: "ஆத்தா, எனக்கு ஒண்ணும் வேணாம். இந்தப் புள்ள முகத்துக்காகவாச்சும் அவளைத் திருப்பிக் குடுத்துரு."

கதவுக்குப் பின்னால் வசந்தி நின்றிருக்கிறாள்.

அத்தை பாண் வாங்க பேக்கரிக் கியூவுக்குப் போன நேரத்தில், உண்டியலை உடைத்து, பள்ளிக்கூடச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய்விட்டாள். கண்டிக்கு டிக்கெட் எடுத்தாள். கண்டியில் இறங்கி, வழி கேட்டுக் கேட்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். சிங்களம் அவளுக்கு என்னைவிட நன்றாக வரும். பெண்கள் வார்டு ஒவ்வொன்றாக ஏறி இறங்கி, "ராஜேஸ்வரி டீச்சர் எந்தக் கட்டில்?" என்று கேட்டிருக்கிறாள்.

ஒவ்வொரு வார்டிலும் தேடிப் பார்த்துவிட்டு ஒரே பதில். அப்படி ஒருவரும் இல்லை.

இல்லை என்றால் என்ன அர்த்தம்? ஆஸ்பத்திரிக்குப் போன அம்மா ஆஸ்பத்திரியில் இல்லை. பதினொரு வயதுக்கு வேறு அர்த்தம் கிடையாது. கடைசி வார்டின் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். அந்த நர்ஸம்மா வேலை முடிந்து போகும்போது பார்த்து, சோறு வாங்கிக் கொடுத்து, மாத்தளை ரெயிலில் ஏற்றிவிடவென்று ஸ்டேஷனுக்குக் கூட்டி வந்திருக்கிறார். நாங்களும் அதே ரெயிலுக்குத்தானே வந்து சேர வேண்டும்?

மிச்சம் உங்களுக்குத் தெரியும். சிரித்துக்கொண்டு இறங்கி வந்தேன்.

நர்ஸம்மா என்னைப் பார்த்தார். பூவைப் பார்த்தார், கருவாட்டைப் பார்த்தார். "புதே, அம்மா ஆவானே," என்று வசந்தியின் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார். மகளே, அம்மா வந்துவிட்டாளே என்று அர்த்தம். கையெடுத்துக் கும்பிடக்கூட எனக்குத் தோன்றவில்லை. கையில் கருவாடு.

மாத்தளை போய்ச் சேரும்வரை அவள் என் சேலைத் தலைப்பை விடவில்லை. ரெயிலிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டோம். "அம்மாவுக்கு ஒண்ணுமே இல்லடா கண்ணு. நாங்க டொக்டர்கிட்ட போகவே இல்ல. திருகோணமலைக்குப் போயிருந்தோம்."

"எதுக்கு?"

"சும்மா... கடல் பார்க்க."

வசந்தி என் முகத்தைப் பார்த்தாள். பிறகு அப்பா முகத்தை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "பொய்," என்றாள்.

கைப்பையிலிருந்து ஒரு சிப்பியை எடுத்துக் கொடுத்தேன். மூதூர்க் கரையில் பொறுக்கியது. கண்டிக்குப் போனவள் சிப்பி கொண்டுவர முடியாதே என்று ஒளித்து வைத்திருந்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது கண்டி மார்க்கெட்லயும் விக்கிறாங்க," என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

எங்கள் நிலைமையைப் பாருங்கள். பொய் சொன்னபோது ஊரே நம்பியது. உண்மையைச் சொன்னால் சொந்தப் பிள்ளை நம்பவில்லை. அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது, அவளும் மாத்தளைப் பிள்ளைதானே. "யாராச்சும் சும்மா அவ்வளவு தூரம் போவாங்களா?" என்று கேட்டாள். கபூர் நானாவின் குரல் அப்படியே.

அதற்குப் பிறகு வந்த நாட்களை எப்படிச் சொல்ல? விடியற்காலையில் கண் விழித்தால் என் மூக்கின் கீழ் ஒரு சின்ன விரல் இருக்கும். மூச்சு வருகிறதா என்று பார்க்கிறாள். நான் இருமினால் கையில் பிடித்த சோற்றைக் கீழே வைக்கிறாள். பள்ளிக்கூடத்தில் அவளும் நானும் ஒரே கட்டடம், மணிக்கொரு தடவை என் வகுப்பு வாசலில் வந்து நின்று பார்த்துவிட்டுப் போகிறாள். ஒரு நாள் நான் குளிக்கக் கொஞ்சம் நேரமாகிவிட்டது. கதவுக்கு வெளியிலிருந்து குரல் வந்தது.

"அம்மா, பேசிக்கிட்டே குளிங்க."

பேசிக்கொண்டே குளித்தேன். ஏழாம் வாய்ப்பாடு சொன்னேன். வெளியே அவளும் கூடச் சொன்னாள். தண்ணீரோடு தண்ணீராக அழுதேன், அது அவளுக்குத் தெரிந்திருக்காது.

என் கணவர் உண்மையாகவே ஒரு டொக்டரைக் கூட்டி வந்து, அவள் முன்னாலேயே என்னைப் பரிசோதிக்க வைத்தார். டொக்டர் ஒன்றுமில்லை என்றார். அவர் போனதும் வசந்தி சொன்னாள்: "அத்தைகிட்டயும் லேசாத்தான்னு சொன்னீங்க."

கடைசியில் ஒரு நாள் காலையில் என் கணவர் தினசரிக் காலண்டரின் முன்னால் நின்று லீவு நாட்களை எண்ணினார். திரும்பி, "மூணு பேரும் போவோம்," என்றார். "அவளே பாக்கட்டும்."

போனோம். அதே வழி — கண்டி, பொல்கஹவலை, மாகோ. வசந்தி ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள், ஆனால் வெளியே பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே வந்தாள். திருகோணமலையில் கடலைக் கண்டபோதும் முகம் மாறவில்லை. கடல் இருக்கிறது, சரி. அம்மா வந்தாள் என்பதற்குக் கடலா சாட்சி சொல்லும்?

ஜெட்டியில் லோஞ்ச்காரர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூதூர்க்காரர், வெற்றிலை வாய், தலையில் ஒரு லேஞ்சியைக் கட்டியிருப்பார். எங்களைக் கண்டதும், "வாங்க ஐயா, வாங்க. போன மாசமும் வந்த நீங்கதானே? இந்த முறை மகளையும் கூட்டி வந்தீங்க, நல்லம்," என்றார்.

வசந்தி அப்படியே நின்றுவிட்டாள்.

"மாமா, இவங்க போன மாசம் இங்க வந்தாங்களா?"

"வராம? ஒவ்வொரு வருசமும் வாறவங்கதானே மகள். உங்கட அம்மா அந்த ஓரத்துலதான் இரிப்பா. அலை அடிச்சா சத்தம் போடுவா. ஐயா சிரிப்பாரு."

"மூதூர்ல இவங்க எங்க போவாங்க?"

"அதத்தான் நாங்களும் கேக்குறம்." லோஞ்ச்காரர் வெற்றிலையைத் துப்பிவிட்டு அவள் பக்கம் குனிந்தார். "எறங்குவாங்க. கரையில கொஞ்சம் நடப்பாங்க. ஒரு தேத்தண்ணி குடிப்பாங்க. மறுகா அடுத்த லோஞ்சுக்கு வந்து நிப்பாங்க. ஆரையும் பாக்குறதும் இல்ல, ஒண்டும் யாவாரம் பண்றதும் இல்ல. கருவாடு மட்டும் வாங்குவாங்க. நாங்க இது ஒரு விசர், பயித்தியம் எண்டுதான் நெனச்சிருக்கம்."

"இவங்களுக்கு அப்ப உடம்பு சரியில்லாம இருந்துச்சா?"

"ஆருக்கு, அம்மாவுக்கா?" அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். "போன மாசம் என்ட தங்கச்சிட கடையில ரெண்டு பேருக்குப் பொரிச்ச மீனை அவ ஒராள் தின்டா. ஐயா வெறும் சோறு தின்டாரு."

வசந்திக்கு முதலில் வாயின் ஒரு ஓரம் அசைந்தது. பிறகு தோள். பிறகு ஜெட்டியின் பலகையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அத்தனை நாளுக்குப் பிறகு அந்தச் சத்தத்தைக் கேட்டேன். சிரித்துக்கொண்டிருந்தவள் எப்போது அழத் தொடங்கினாள் என்று எங்களுக்குத் தெரியவில்லை. அவள் அப்பா அவளை அப்படியே தூக்கிக்கொண்டார். பதினொரு வயதுப் பெண்ணை, சப்பாத்தோடு, பார்க்கிறவர்கள் பார்க்க.

மாத்தளை வீட்டுக்கு டொக்டரே வந்து சொல்லியும் ஆகாத காரியம், இரண்டு துண்டு பொரித்த மீனில் முடிந்தது.

லோஞ்ச் விரிகுடாவின் நடுவுக்குப் போனபோது காற்று எழுந்தது. ஓரத்தில் அலை அடித்தது. எப்போதும் போல நான் சத்தம் போட்டேன், எப்போதும் போல அவர் சிரித்தார், கையை நீட்டினார், பிடித்துக்கொண்டேன். பழக்கம். வசந்தி எதிரே இருந்தது மறந்துவிட்டது. நினைவு வந்து கையை இழுத்துக்கொண்டபோது, அவள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வீட்ல நீங்க ரெண்டு பேரும் இப்படி இருக்கவே மாட்டீங்களே," என்றாள்.

அவளுடைய அப்பா கொஞ்சம் யோசித்தார். பிறகு, "வீட்ல வாயத் தொறந்தா அரிசி, மண்ணெண்ணெய், உன் கணக்குப் பாடம்... இதுதான் வருது," என்றார். "இங்க வந்தாத்தான் உங்கம்மா ஞாபகம் வருது."

பக்கத்திலேயே இருக்கிறவளை ஞாபகப்படுத்திக்கொள்ள ஒருவர் அவ்வளவு தூரம் சுற்றி வருகிறார். இதை எந்த ஊர்க்காரரிடம் காரணமாகச் சொல்ல முடியும்?

திரும்பும்போது வசந்தி சிப்பியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். கண்டி தாண்டியதும் என் மடியில் தலை வைத்துத் தூங்கிவிட்டாள். விரல் என் மூக்குக்குக் கீழே வரவில்லை.

நாத்தனாரிடம் விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் என் நலத்துக்காகச் செவ்வாய்தோறும் ஒரு வேளை உபவாசம் என்று வேண்டியிருந்தார். "இனிமே வேணாம் அண்ணி, எனக்குத்தான் நோயே இல்லையே," என்றேன்.

"நோய் பொய்யா இருக்கலாம்," என்றார். "நான் கேட்டது பொய் இல்ல." இன்னமும் உபவாசம் இருக்கிறார்.

இனி கபூர் நானா. அவரிடம் உண்மையைச் சொல்ல நானும் என் கணவரும் நீ சொல், நீங்கள் சொல்லுங்கள் என்று நாலு நாள் கடத்தினோம். வசந்திதான் கடை வாசலில் போட்டு உடைத்தாள்.

"அம்மாவுக்கு ஒண்ணும் இல்ல மாமா. இவங்க கண்டிக்கே போகல. சும்மா கடல் பார்க்கப் போயிருக்காங்க. வருஷா வருஷம் போவாங்களாம்."

கபூர் நானாவின் கைக் கரண்டி சீனி மூட்டையில் நின்றது.

"கடல் பாக்கவா? அதுக்கு எதுக்கு ரெண்டு பேரு?"

"ஒருத்தர் பாத்துட்டு வந்து சொன்னா யாரும் நம்புறாங்க இல்லையே நானா," என்றார் என் கணவர்.

கோபிப்பார் என்று நினைத்தேன். துஆவெல்லாம் கேட்ட மனிதர். கொத்தமல்லிக் காசைக் கொடுக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டார். சீனியை நிறுத்தார், கடதாசியைச் சுருட்டினார், நூல் கட்டினார். கடைக்குப் பின்னால்தான் அவர்கள் வீடு. அங்கே அவர் மனைவி அம்மியில் எதையோ அரைக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. முப்பது வருடமாக அந்தப் பக்கம் போகும் எல்லோரும் கேட்கும் சத்தம். அவர் ஒரு தடவை அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"டீச்சர்... அந்த லோஞ்ச்ல பொம்பளைங்க உக்கார எடம் வசதியா இருக்கா?"

"ஓரத்தில உக்காரச் சொல்லுங்க," என்றேன்.

நேற்றுக் காலையில் சீரகம் வாங்கப் போனேன். கபூர் நானாவின் கடை பூட்டியிருந்தது. நோன்புப் பெருநாள், ஹஜ்ஜுப் பெருநாள் தவிர வேறு நாளில் அந்தக் கதவு பூட்டி நான் கண்டதில்லை. பக்கத்துத் தையல்கடைக்காரர் மெஷினை நிறுத்திவிட்டு, முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டு சொன்னார்:

"நானாவும் அவங்க சம்சாரமும் டொக்டர்கிட்ட காட்டப் போயிருக்காங்க டீச்சர். வர ரெண்டு நாளாகுமாம்."

எந்த டொக்டர் என்று நான் கேட்கவில்லை.